பாதி பேசிய காதல்

சினிமாவுக்கு ஒலி தந்த வைட்டாஃபோன் இசைத்தட்டு என்பது 16 அங்குல விட்டமுள்ள அரக்குத் தட்டு. வீட்டுக் கிராமபோன் பெட்டியில் அடங்காது. வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே வருவதுதான் தட்டுகளின் வழக்கம். இது உள்ளிருந்து வெளியே ஓடும். ஊசி வைக்க வேண்டிய இடத்தில் ஓர் அம்புக்குறி. நடுவில் ஒட்டிய லேபிளில் படத்தின் பெயர், எத்தனையாவது ரீல் என்ற எண், அதற்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தியேட்டர் ஆபரேட்டர் ஒரு கட்டத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். 20 கட்டங்களும் நிரம்பிவிட்டால் தட்டின் ஆயுள் முடிந்தது. இரும்பு ஊசி பள்ளத்தை அரித்துவிடும், சத்தம் கெடும், ஆகவே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தட்டைப் பயன்படுத்து என்பது கம்பெனியின் உத்தரவு.

தூக்கிப் போடாத ஆபரேட்டர்களின் புண்ணியத்தில்தான் இந்தக் கட்டுரையில் வரும் படங்களில் சிலவற்றுக்கு இன்று குரல் இருக்கிறது.

1926 முதல் 1932 வரை ஹாலிவுட்டில் போர்க்களக் காதல் படங்கள் வரிசைகட்டி வந்தன. முதல் உலகப் போர் முடிந்து பத்து வருடம் ஆகியிருந்தது. போனவர்கள் திரும்பி வந்து, வராதவர்களுக்கு நினைவுத் தூண் எழுப்பி, அழுகையும் ஓரளவு அடங்கியிருந்த நேரம். அதே வருடங்களில்தான் சினிமாவுக்கு ஒலியும் வந்தது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட இடத்தில் பிறந்த படங்களுக்கு ஒரு தனி ஜாதகம். முழு மௌனப் படமும் அல்ல, முழுப் பேசும் படமும் அல்ல. பழைய படம் சேகரிப்பவர்களில் ஒரு கூட்டம் இந்த ஏழெட்டு வருடங்களை விட்டு வெளியே வருவதே இல்லை. அந்தப் பித்துக்குக் காரணம் படங்கள் பிறந்த விதத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒலிக்கு முன்னால் கதையின் அச்சை வார்த்தது கிங் விடாரின் 'தி பிக் பரேட்', 1925. எம்ஜிஎம் தயாரிப்பு. ஜான் கில்பர்ட் அமெரிக்கச் சிப்பாய், ரெனே அடோரே பிரெஞ்சுக் கிராமத்துப் பெண். அவனுக்கு பிரெஞ்சு தெரியாது, அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவளுக்கு அவன் சூயிங் கம் மெல்லக் கற்றுக்கொடுக்கிற காட்சி ஒன்று வரும், அவள் விழுங்கிவிடுவாள். படையை முன்னணிக்கு ஏற்றிச் செல்லும் லாரியில் அவன் போகும்போது அவள் லாரியைப் பிடித்துக்கொண்டு இழுபட்டபடியே போவாள். வசனம் இருந்திருந்தால் இந்த இரண்டு காட்சிகளும் பாழாகியிருக்கும். பாஷை தெரியாத இரண்டு பேர் காதலிப்பதற்கு மௌனப் படத்தைவிடத் தோதான இடம் வேறு எது? பார்ப்பவனுக்கும் அவர்களுக்கும் ஒரே நிலைமை: முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

படம் பெரும் வசூல். உடனே எல்லா ஸ்டுடியோவும் ஒரு பிரெஞ்சுக் குடியானவப் பெண்ணையும் ஒரு அயல்நாட்டுச் சிப்பாயையும் தேடிப் புறப்பட்டன.

ஃபாக்ஸ் கம்பெனி 1926 கடைசியில் 'வாட் பிரைஸ் குளோரி'யைக் கொண்டுவந்தது. ரவுல் வால்ஷ் இயக்கம். டோலோரஸ் டெல் ரியோ நடித்த பிரெஞ்சுப் பெண்ணின் பெயர் ஷார்மெய்ன். மௌனப் படம்தான். ஆனாலும் அதில் சிப்பாய்கள் வாயசைத்த கெட்ட வார்த்தைகளை உதட்டைப் படித்தே கண்டுபிடித்துவிட்டுப் புகார் எழுதியவர்கள் உண்டு. ஒலி வருவதற்கு முன்பே ஜனங்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் படத்துக்காக எர்னோ ராப்பே, லூ பொலாக் என்ற இருவர் அவள் பெயரிலேயே ஒரு வால்ட்ஸ் பாட்டுப் போட்டார்கள். ராப்பே ஹங்கேரியிலிருந்து வந்தவர். தியேட்டர் வாத்தியக் குழுக்களை நடத்தித் தேர்ந்தவர். எந்தக் காட்சிக்கு எந்த இசை என்று படத் தியேட்டர்காரர்களுக்காகத் தடிமனான கையேடே எழுதியவர். படம் வந்த சில வாரங்களில் ஃபாக்ஸ் தன் மூவிடோன் முறையில் அதற்கு ஒலித்தடம் சேர்த்தது. 1927-ல் கை லொம்பார்டோ குழு அந்தப் பாட்டைத் தட்டில் பதிய, அது வீடு வீடாகப் போயிற்று.

கதாநாயகியின் பெயரைப் பாட்டாக்கி, பாட்டைப் படத்துக்கு விளம்பரமாக்கி, படத்தைப் பாட்டுத் தாளுக்கு விளம்பரமாக்குகிற வியாபாரம் பெருவெள்ளமாக ஓடத் தொடங்கியது இங்கிருந்துதான். அடுத்த வருடம் 'செவன்த் ஹெவன்' படத்துக்கு அதே இருவர் போட்ட பாட்டு 'டயான்'. 1928-ல் 'லைலாக் டைம்' படத்துக்கு நத்தானியேல் ஷில்கிரெட்டும் எல். வுல்ஃப் கில்பர்ட்டும் போட்டது 'ஜீனின்'. ஷார்மெய்ன், டயான், ஜீனின்: மூன்றும் போர்ப் படக் கதாநாயகிகளின் பெயர்கள், மூவரும் பிரான்ஸ் நாட்டுப் பெண்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண்ணின் பெயரை இழுத்து இழுத்துப் பாடினால் தியேட்டரில் கைக்குட்டை நனையும் என்பதை இந்த மூன்று பாட்டும் கண்டுகொண்டன. படத்தை மறந்த பிறகும் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. 1951-ல் மந்தொவானி குழு 'ஷார்மெய்'னை வயலின்களில் குழைத்துக் கொடுத்து மறுபடி பிரபலமாக்கியது. 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' படத்தில் மனநோய் மருத்துவமனை வார்டில் மருந்து கொடுக்கும் நேரத்தில் ஒலிப்பதும் அதுதான். அந்த இசைக்குப் பின்னால் ஒரு போர்ப் படக் கதாநாயகி இருக்கிறாள் என்பது கேட்பவர்களில் பலருக்குத் தெரியாது.

ஒலி முதலில் வந்தபோது அது பேச்சாக வரவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1926 ஆகஸ்டில் வார்னர் பிரதர்ஸ் 'டான் ஹுவான்' படத்தை வைட்டாஃபோனில் வெளியிட்டபோது அதில் இருந்தது இசையும் வாள் மோதும் சத்தமும்தான். ஊர் ஊராக வாத்தியக் குழுவுக்குச் சம்பளம் கொடுப்பதற்குப் பதில் நல்ல இசையைத் தட்டில் அடைத்து அனுப்பிவிடலாம் என்பது கணக்கு. ஆயிரம் அடி ரீல் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி வேகத்தில் 11 நிமிடம் ஓடும். ஒரு தட்டின் ஒரு பக்கமும் அதே 11 நிமிடம் ஓடியாக வேண்டும். 78 சுற்று வேகத்தில் அது முடியாது. அதனால் தட்டைப் பெரிதாக்கி, வேகத்தை நிமிடத்துக்கு 33⅓ சுற்றாகக் குறைத்தார்கள். 1948-ல் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட எல்.பி. தட்டின் வேகமும் அதே 33⅓.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை. படம் ஒரு பெட்டியில், ஒலி இன்னொரு பெட்டியில். தட்டு வழியில் உடைந்தால் காட்சி ரத்து. ரீல் அறுந்தால் ஒட்டுப் போட்டு ஓட்ட முடியாது. போன பிரேம்களின் எண்ணிக்கைக்குச் சரியாகக் கறுப்புப் பிலிம் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அதன் பிறகு ரீல் முடியும்வரை ஆண் வாயில் பெண் குரல் வரும். ஃபாக்ஸ் கம்பெனியின் மூவிடோனில் இந்தத் தலைவலி இல்லை. ஒலி படத்தின் ஓரத்திலேயே ஒரு கோடாக அச்சாகி வரும். எது வென்றது என்று சொல்ல வேண்டியதில்லை. 1930-களின் தொடக்கத்தில் வார்னரே தட்டைக் கைவிட்டது.

ஆனால் தோற்ற முறைக்கு ஒரு வினோதமான லாபம் கிடைத்தது. அன்றைய பிலிம் நைட்ரேட். தீப்பற்றும், பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பழுப்புப் பொடியாகும். மௌன யுகத்து அமெரிக்க முழுநீளப் படங்கள் கிட்டத்தட்ட 11,000-ல் முதலில் வெளியான வடிவத்தில் முழுதாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்று 2013-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. ஃபாக்ஸ் கம்பெனியின் பழைய நெகட்டிவ்கள் 1937 ஜூலையில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரி கிடங்கில் எரிந்தன. படத்தின் ஓரத்தில் இருந்த ஒலி படத்தோடு போயிற்று. அரக்குத் தட்டோ, கீழே போடாத வரையில் பரணில் தூசி படிந்து கிடக்கும், எரியாது, பொடியாகாது. ஆகவே படமே இல்லாமல் ஒலி மட்டும் முழுதாக மிஞ்சிய படங்கள் உண்டு. ஒலி இல்லாமல் படம் மட்டும் மிஞ்சியவை இன்னும் அதிகம்.

'லைலாக் டைம்' அந்த நடுவாந்தரக் காலத்தின் சுத்தமான மாதிரி. ஃபர்ஸ்ட் நேஷனல் தயாரிப்பு, ஜார்ஜ் ஃபிட்ஸ்மாரிஸ் இயக்கம். 1917-ல் ஜேன் கவுல், ஜேன் மர்ஃபின் எழுதி நியூயார்க்கில் ஓடிய நாடகம்தான் மூலம். கொலீன் மூர் பிரெஞ்சுப் பண்ணை வீட்டுப் பெண். அவள் வீட்டில் தங்கியிருக்கும் பிரிட்டிஷ் விமானிகளில் ஒருவன் கேரி கூப்பர். கலிஃபோர்னியாவின் எல் டோரோ பக்கம் பிரெஞ்சுக் கிராமம் ஒன்றையே கட்டிப் படம் பிடித்தார்கள். விமானங்களை வேண்டுமென்றே தரையில் மோதவிடுவதைத் தொழிலாகக் கொண்ட டிக் கிரேஸ் இதற்கும் மோதினார். வெளியானபோது ஒரு வார்த்தைகூடப் பேச்சு இல்லை. ஆனால் எஞ்சின் உறுமலும் குண்டு வெடிப்பும் அந்தப் பாட்டும் தட்டில் வந்தன. விமானம் கிளம்புகிறது, அவள் கையசைக்கிறாள், வாய் அசைகிறது, சத்தம் எஞ்சினுடையது மட்டும். கதை மகா சாதாரணம். கொலீன் மூர் முதல் அரை மணி நேரம் அடிக்கும் கோமாளித்தனம் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் உலகம் முழுவதும் இரைகிறது, காதலிப்பவர்கள் மட்டும் ஊமை என்ற அந்த ஏற்பாடு இருக்கிறதே, அதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. தொழில்நுட்பத்தின் குறையே போரைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டது. மூன்றே வருடம் இருந்து மறைந்த வடிவம் அது.

பேச்சு வந்ததும் இந்தக் காதலர்களுக்குச் சிக்கல் வந்தது. பாஷை புரியாத ஜோடி இனி என்ன செய்யும்? 1929-ல் எம்ஜிஎம் 'மேரியான்' எடுத்தது. அமெரிக்கச் சிப்பாய், பிரெஞ்சுப் பெண், அதே அச்சு. மேரியன் டேவிஸை வைத்து முழுப் படத்தையும் மௌனமாக எடுத்து முடித்தார்கள். அதற்குள் ஊரெல்லாம் பேசும் படம் கேட்க, நாயகனையே மாற்றிவிட்டு மறுபடி முழுதாகப் பேசவும் பாடவும் வைத்து எடுத்தார்கள். பேசும் பிரதியில் மேரியன் டேவிஸ் கடைசிவரை பிரெஞ்சு வாடையடிக்கும் இங்கிலீஷில் பேசுகிறார். நன்றாகத்தான் செய்கிறார், ஆனால் அந்த உச்சரிப்பே தமாஷாகி, காதல் பின்னால் போய்விடுகிறது. இரண்டு பிரதிகளும் மிஞ்சியிருப்பதால் ஒரே கதையை ஒலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்க்கலாம். சேகரிப்பவர்களுக்கு இதைவிடத் தின்பண்டம் கிடையாது.

அதற்குப் பிறகு நல்ல போர்க் காதல் படங்களில் பிரெஞ்சுப் பண்ணை வீடு மெல்ல மெல்லக் காணாமல் போகிறது. ஸ்டுடியோக்கள் கூடிப் பேசித் தீர்மானித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அவரவர் வாங்கிய நாடகமும் நாவலும் அப்படி அமைந்தன. ஆனாலும் 1931-ல் லண்டன் பாலத்தில் சந்திக்கும் இருவரும் அமெரிக்கர்கள், 1932-ல் இத்தாலிய மருத்துவமனையில் காதலிப்பவர்கள் ஓர் அமெரிக்கனும் ஓர் ஆங்கிலேய நர்சும். ஒரே பாஷை பேசுகிறவர்களால்தான் பேசும் படத்தில் காதலிக்க முடிந்தது.

அந்த லண்டன் பாலத்துக் கதைதான் 'வாட்டர்லூ பிரிட்ஜ்'. இந்தப் பெயரைக் கேட்டதும் விவியன் லீயும் ராபர்ட் டெய்லரும் நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. அது 1940-ல் எம்ஜிஎம் எடுத்தது, அழகான படம். நான் சொல்வது அதற்கு ஒன்பது வருடம் முந்தியது, ஜேம்ஸ் வேல் எடுத்தது, கிட்டத்தட்ட மறைக்கப்பட்டது.

விதை போட்டவர் நாடகாசிரியர் ராபர்ட் ஷெர்வுட். ஆறரை அடிக்கு மேல் உயரம். அமெரிக்க ராணுவம் சேர்த்துக்கொள்ளாததால் கனடாப் படையில் சேர்ந்து பிரான்ஸ் போனவர். விஷவாயுவும் காயமும் பட்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தார். 1918 நவம்பரில் போர் நின்ற செய்தி வந்து டிரஃபால்கர் சதுக்கத்தில் ஜனம் கூத்தாடிய நாளில் அங்கே ஒரு பெண்ணைச் சந்தித்தார். அமெரிக்காவிலிருந்து நாடகக் குழுவில் நடனக்காரியாக வந்து, போரில் மாட்டிக்கொண்டவள். வீட்டு விலாசம் சொல்லி வரச் சொன்னாள். அந்தக் கூச்சலில் விலாசம் மனதில் நிற்கவில்லை. அவளை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. பதினோரு வருடம் கழித்து அவளை நாடகமாக எழுதினார். 1930 ஜனவரியில் நியூயார்க்கில் அரங்கேறியது, இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பின்னாளில் நான்கு புலிட்சர் பரிசு வாங்கிய மனிதரின் நாடகம்தான். இரண்டாம் அங்கம் தொய்வு என்று படமெடுத்த வேலுக்கே அபிப்பிராயம் இருந்தது.

ஜேம்ஸ் வேல் என்றால் 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்பார்கள். அவரும் போரிலிருந்து வந்தவர்தான். இங்கிலாந்தின் டட்லி என்ற இரும்பாலை ஊரில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. 1917-ல் ஃபிளாண்டர்ஸ் போர்முனையில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, ஹோல்ஸ்மிண்டன் கைதி முகாமில் அடைபட்டார். நாடகம் போடக் கற்றது அந்த முகாமில். போருக்குப் பிறகு ஆர்.சி. ஷெரிஃப்பின் பதுங்குகுழி நாடகம் 'ஜர்னீஸ் எண்ட்' அவர் கையில் பெரும் வெற்றியாகி, அதுவே அவரை அமெரிக்காவுக்கு இழுத்துக்கொண்டு போனது. 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' மௌனமாக எடுக்கப்பட்டு நடுவில் பேசும் படமாக மாறியபோது, வசனக் காட்சிகளைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டதும் இவரைத்தான். ஆக, போரும் தெரியும், பேச்சும் தெரியும்.

யூனிவர்சல் ஸ்டுடியோவுக்கு அப்போது பணமுடை. 26 நாளில், ஒதுக்கிய 2,52,000 டாலருக்கும் குறைவாகவே வேல் படத்தை முடித்துக் கொடுத்தார். நாயகி மைராவாக மே கிளார்க். அந்த வருடம்தான் 'பப்ளிக் எனிமி'யில் ஜேம்ஸ் காக்னி பம்பளிமாசு போன்ற ஒரு பழத்தை முகத்தில் தேய்த்தாரே, அந்த நடிகை. பாவம், உலகம் அவரை அந்த ஒரு பழத்துக்காகவே ஞாபகம் வைத்துக்கொண்டது. நாயகன் ராய் வேடத்தில் கென்ட் டக்ளஸ். ராயின் தங்கையாகச் சின்ன வேடத்தில் ஒரு புதுமுகம்: பெட்டி டேவிஸ்.

கதை இரண்டு வரி. நடன வேலை போய், வாட்டர்லூ பாலத்தில் நின்று ஆள் பிடித்துப் பிழைக்கிறாள் மைரா. ஒரு விமானத் தாக்குதல் இரவில் ராய் அங்கே வருகிறான். பத்தொன்பது வயது, கனடாப் படையில் சேர்ந்த அமெரிக்கன். அவள் தொழில் என்னவென்று அவனுக்குப் புரியவில்லை. புரியாதவனைக் கெடுக்க அவளுக்கு மனமில்லை.

இந்தப் படத்தில் மே கிளார்க் முகம் கழுவி, பவுடர் போட்டு, கிளம்பத் தயாராகும் காட்சியைப் பார்க்க வேண்டும். பேச்சே கிடையாது, கண்ணாடி முன்னால் ஒரு வேலைக்காரியின் சலிப்போடு முகத்தைத் தீட்டிக்கொள்கிறாள். பின்னணி இசையும் கிடையாது. 1930, 31-ல் வந்த பேசும் படங்கள் பலவற்றில் பின்னணி இசை இருக்காது. பாட்டு வந்தால் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவன் குழம்புவான் என்று பயந்தார்கள். ஷார்மெய்னுக்கும் ஜீனினுக்கும் வயலின் அழுத அழுகை ஐந்தே வருடத்தில் அடியோடு நின்றுபோயிற்று. அதனால் மைரா கத்தும்போது அந்த ஒற்றை அறையின் சுவர்தான் பதில் சொல்கிறது. பிறகு இருமல், நாற்காலி இழுபடும் சத்தம், கதவு. கடைசியில் அவளைப் பாலத்தில் ஒரு குண்டு கொன்றுவிடும். ஒப்பாரி இல்லை, பாட்டு இல்லை. 1940 படம் கண்ணீரைச் சுகமாக வரவழைக்கும். இந்தப் படம் அந்த உபகாரத்தைச் செய்யாது. என் ஓட்டு இதற்குத்தான்.

படம் 1931 செப்டம்பரில் வெளிவந்தது. நம் ஊரில் 'காளிதாஸ்' பேசியதும் அதே வருடம், அக்டோபர் 31. 'காளிதாஸ்' படத்தின் ஒரு பிரிண்ட்கூட மிஞ்சவில்லை. 'வாட்டர்லூ பிரிட்ஜ்' தொலையவில்லை, ஒளித்துவைக்கப்பட்டது. சிகாகோவிலும் நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் சென்சார்கள் முதல் ஓட்டத்திலேயே வெட்டினார்கள். 1934-ல் ஒழுக்க விதிகள் இறுகியதும் மறுவெளியீடு என்ற பேச்சே இல்லை. பிறகு விவியன் லீ படத்துக்காக உரிமையை வாங்கிய எம்ஜிஎம், பழைய படத்தையும் தன் பூட்டுக்குள் கொண்டுபோயிற்று. புதுச் சரக்கு விற்கும்போது பழைய சரக்கைக் கடையில் வைக்கிற வழக்கம் எந்த வியாபாரிக்கும் இல்லை. 1970-களின் நடுவில்தான் மறுபடி தலைகாட்டியது. வீட்டில் வைத்துப் பார்க்கும்படி டிவிடியாக வந்தது 2006-ல்.

அடுத்த வருடத்து 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' வேறு விதமாகச் சீரழிந்தது. ஃபிராங்க் போர்ஸேகி இயக்கம், கேரி கூப்பர், ஹெலன் ஹேஸ். நாயகி செத்தாளா பிழைத்தாளா என்று பிடிகொடுக்காத இன்னொரு முடிவையும் பாரமவுண்ட் எடுத்துவைத்து, தியேட்டர்காரர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டது. ஹெமிங்வேக்கு வந்த கோபம் நியாயமானது. 1938-ல் மறுவெளியீட்டுக்காகப் பத்து நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். காப்புரிமை காலாவதியானதும் அந்த வெட்டுப்பட்ட பிரதியையே ஆளாளுக்கு மங்கலான கேசட்டாக அடித்துவிட்டார்கள். டேவிட் செல்ஸ்னிக்கின் கிடங்கில் கிடந்த நைட்ரேட் பிரிண்ட் வெளிவந்த பிறகுதான் 1932-ல் ஜனம் என்ன பார்த்தது என்று தெரிந்தது.

சேகரிப்பவர்களின் பசி எங்கே உண்டாகிறது என்று இதிலேயே தெரியும். முழுதாகக் கிடைக்கிற பொருளை வாங்கி அடுக்குவது பணம் சம்பந்தப்பட்டது. இந்தப் படங்களோ பிறக்கும்போதே துண்டு துண்டாகப் பிறந்தவை: படம் ஒரு நாட்டில், தட்டு ஒரு ஊரில், வெட்டிய காட்சி வேறொரு பிரிண்டில், பாட்டுத் தாள் பழைய பியானோ ஸ்டூலுக்குள். ஒருவன் கையில் இருப்பது இன்னொருவன் கையில் இருப்பதன் பாதி. பாட்டுப் புத்தகத்தையும் கிராமபோன் தட்டையும் வைத்துக்கொண்டே முப்பதுகளின் தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிற நமக்கு இந்த வேதனை புதிதல்ல.

அந்தக் காலத்தில் இது பத்திரமான பொழுதுபோக்கும் அல்ல. தனியார் கையில் பிரிண்ட் இருந்தாலே அது திருட்டு என்பது ஸ்டுடியோக்களின் வாதம். 1974 டிசம்பரில் நடிகர் ராடி மெக்டோவலின் வீட்டில் எஃப்பிஐ புகுந்து அவர் சேர்த்துவைத்திருந்த 16 எம்எம் பிரிண்டுகளையும் வீடியோ நாடாக்களையும் அள்ளிக்கொண்டு போனது. வழக்குப் போடவில்லை, ஆனால் செய்தி பரவியது. பலர் தங்கள் பெட்டிகளை உறவினர் வீட்டுக்கு இடம் மாற்றினார்கள். அதே ஸ்டுடியோக்கள் பிற்பாடு தங்கள் படங்களைப் புதுப்பிக்க இறங்கியபோது பிரிண்ட் கேட்டுப் போய் நின்றதும் இந்தத் 'திருடர்கள்' வாசலில்தான்.

1991-ல் ரான் ஹட்சின்சனும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து 'வைட்டாஃபோன் ப்ராஜெக்ட்' தொடங்கினார்கள். யாரிடம் எந்தத் தட்டு இருக்கிறது என்று விசாரித்துப் பட்டியல் போடுவது, ஆவணக்காப்பகங்களில் ஊமையாகக் கிடக்கும் ரீல்களோடு அந்தப் பட்டியலை ஒப்பிடுவது, பொருந்தினால் ஸ்டுடியோவைப் பிடித்துச் செலவுக்கு வழி பண்ணுவது: வேலை இவ்வளவுதான். மூடிப்போன தியேட்டர்களிலிருந்தும் தனியார் வீடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் தட்டுகள் வெளியே வந்தன. படத்தையும் தட்டையும் கண்டுபிடிப்பது பாதி வேலை. ரீலில் எங்கெங்கோ பிரேம்கள் அறுந்திருக்கும்; தட்டில் கீறல் விழுந்து ஊசி குதிக்கும். உதட்டைப் பார்த்து, கதவு சாத்தும் கணத்தைப் பார்த்து, இன்ச் இன்ச்சாகப் பொருத்த வேண்டும்.

மைக்கேல் கர்ட்டிஸ் 1928-ல் எடுத்த 'நோவாஸ் ஆர்க்' அப்படிப் பொருத்தப்பட்ட படங்களில் முக்கியமானது. பெயர் பைபிள் கதையாக இருந்தாலும் பாதிப் படம் முதல் உலகப் போர்க் காதல். டோலோரஸ் காஸ்டெல்லோவும் ஜார்ஜ் ஓ'பிரையனும் இரண்டு யுகத்திலும் காதலிப்பார்கள். சில காட்சிகளில் பேச்சு, மீதியில் எழுத்து அட்டை. வெளியான சில மாதங்களிலேயே நீளத்தைக் குறைத்தார்கள். 1957-ல் வசனக் காட்சிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒருவர் வர்ணனை சொல்கிற மாதிரி மாற்றி வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் ஆவணக்காப்பகத்தில் ராபர்ட் கிட் பழைய தட்டுகளோடு அதைப் பொருத்தியபோது, காஸ்டெல்லோ பேசும் காட்சிகள் திரும்பி வந்தன. பேச்சு நன்றாக இருக்கிறதா என்றால், இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, மைக் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது போல நின்று பேசுகிறார்கள். அதே ஜோடி அடுத்த மௌனக் காட்சியில் பிரமாதமாக நடிக்கிறது. இப்படி ஒரே படத்துக்குள் ஒரு கலை சாவதையும் இன்னொன்று தத்தளித்துப் பிறப்பதையும் வேறெங்கும் பார்க்க முடியாது. சேகரிப்பவன் தேடுவது இந்தத் தையலைத்தான். வழுவழுவென்று முடிந்த படம் அவனுக்கு எதற்கு?

போர்ஸேகியின் 'லக்கி ஸ்டார்' 1929-ல் இரண்டு வடிவத்தில் வெளிவந்தது: முழு மௌனமாக ஒன்று, சில காட்சிகளில் பேசுகிற இன்னொன்று. 'செவன்த் ஹெவன்' ஜோடிதான், ஜேனட் கேனரும் சார்லஸ் ஃபாரலும். போரில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் ஊர் திரும்பியவன், அழுக்குப் பிடித்த பண்ணைச் சிறுமி ஒருத்தியின் தலைக்கு முட்டை உடைத்து ஊற்றித் தேய்த்துக் குளிப்பாட்டுகிற காட்சி அதில் இருக்கிறது. அவள் முடியின் நிஜ நிறம் அப்போதுதான் அவனுக்குத் தெரியும். பல வருடம் தொலைந்த படம் என்றே நினைத்திருந்தார்கள். நெதர்லாந்துத் திரைப்பட அருங்காட்சியகத்தில் பிரிண்ட் கிடைத்து 1990-ல் இத்தாலியின் போர்டெனோனே விழாவில் திரையிட்டார்கள். கிடைத்தது மௌன வடிவம். பேசும் வடிவம் இன்றுவரை அகப்படவில்லை.

அகப்படாமல் இருப்பதே நல்லது, பேச்சு வந்தால் படம் கெட்டுவிடும் என்று சொல்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். ஒருவேளை கெட்டும் போகலாம். 1929 வசனங்களின் லட்சணம் தெரிந்ததுதான். இருந்தாலும் அந்தப் பேச்சுக் காட்சிகள் கிடைத்தால் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன். மௌனத்தில் அத்தனை அழகாகக் காதலித்த இரண்டு பேர் மைக் முன்னால் எவ்வளவு தடுமாறினார்கள் என்று தெரிய வேண்டாமா?